மலைக்கு வந்த நோய்க்கு அரைப் பேரா?

தென்மேல் பருவ மழை இறங்கியதும் மஸ்கெலியா, டிக்கோயா பக்கத்து மலைகளில் கொப்புள நோய் ஏறிவிடும். ஊவாவில் அது வடகீழ் மழையோடு வரும். இலையின் மேற்புறம் குழிந்து, கீழ்ப்புறம் வெள்ளையாக உப்பி, பிறகு கருகிப்போகும். கொழுந்தெடுக்கும் நம் பெண்களுக்கு இதை எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் இந்த நோயால் நிறை குறையும் நாளில் அரைப் பேர் போடுவது எந்த நியாயம் என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

இது பங்கசு நோய். அசாமில் முன்பே இருந்தது, 1946இல் இங்கே வந்தது. முற்றிய இலையை அது தொடாது; நாம் பறிக்கும் இளந்தளிரைத்தான் பிடிக்கும். அதன் வித்து காற்றில் எல்லா மலைக்கும் பறக்கிறது. ஆனால் எல்லா மலையிலும் முளைப்பதில்லை. இலை மணிக்கணக்கில் நனைந்திருந்தால்தான் முளைக்கும். நல்ல வெயில் பட்டால் செத்துவிடும்.

அதனால்தான் ஒரே தோட்டத்தில் ஒரு மலை தப்புகிறது, பக்கத்து மலை கருகுகிறது. மேட்டில், காற்றும் வெயிலும் படுகிற இடத்தில், பனி சீக்கிரம் காய்ந்துவிடும். ஆற்றோரப் பள்ளத்தில், மூடுபனி பத்து மணிவரை கலையாத இடத்தில், மத்தியானம் ஆனாலும் இலை சொட்டிக்கொண்டிருக்கும். அங்கே நிழல் மரத்தின் கிளையையும் வெட்டாமல் விட்டால் கேட்கவே வேண்டாம். கவ்வாத்து வெட்டித் துளிர்க்கும் மலை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே இருப்பதெல்லாம் இளந்தளிர்.

மேடும் பள்ளமும் யாரும் செய்ததல்ல. மற்றதெல்லாம் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. மழைக்கு முன் நிழல் மரத்துக் கிளையை இறக்குவது, எந்த மாதம் எந்த மலையைக் கவ்வாத்து வெட்டுவது, ரவுண்டைத் தள்ளிப்போடாமல் ஏழு நாளுக்கு ஒருமுறை கொழுந்தெடுப்பது, காலத்தில் செம்பு மருந்து அடிப்பது: இவற்றில் எதையும் கொழுந்தெடுப்பவர் தீர்மானிப்பதில்லை. ஆள் போதாது, செலவு கூட என்று சொல்லி இவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, தராசில் மட்டும் மேட்டு மலைக்கும் பள்ளத்து மலைக்கும் ஒரே கிலோ கேட்கிறார்கள். நோய்ப்பட்ட இலையைக் கழித்துவிட்டு எடு என்றும் சொல்கிறார்கள். கழித்தால் நிறை எங்கிருந்து வரும்?

கொப்புள நோய்க்கு மருந்தடிக்கும் நாளை முடிவுசெய்ய வெயில் மணிநேரத்தைக் கணக்கெடுக்கும் முறை ஒன்று தேயிலை ஆராய்ச்சித் துறையில் நெடுங்காலமாக உண்டு. மருந்துக்கு அந்தக் கணக்கு சரியென்றால் கிலோவுக்கும் அது சரிதான். மழை மாதங்களில் நோய்ப்பட்ட மலைக்குக் கிலோ அளவைக் குறைக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. மருந்தடிக்கும் தோழர்களுக்குக் கையுறையும் முகமூடியும் கொடுக்காமல் டாங்கியைத் தோளில் ஏற்றக்கூடாது என்பதும் அதோடு சேரும்.

1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பித் தோட்டங்கள் அழிந்தபோது, துரைமார் பலர் தேயிலைக்கு மாறினார்கள். சம்பளப் பாக்கியோடு நடுத்தெருவில் நின்றது நம் பாட்டன் பூட்டன்தான்.

தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிகளும் இந்த மாதம் முதல் ஒரு கொப்பியில் மலையின் நம்பர், திகதி, வெயில் இருந்ததா இல்லையா, எடுத்த கிலோ, போட்ட பேர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். மாவட்டக் காரியாலயத்துக்கு அந்தக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். நிர்வாகத்தோடு பேசப் போகும்போது அதை மேசையில் வைத்துத்தான் பேசுவோம்.