அசல் மாதிரி இல்லையே என்று சொல்வதை நிறுத்துவோம்

நம் ஆட்களில் யார் மேடையேறிப் பாடினாலும் நாம் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "அசல் மாதிரியே இருக்கா?" இருந்தால் கைதட்டல். இல்லையென்றால், "நல்லாத்தான் பாடினா, ஆனா ஜானகியம்மா மாதிரி வரலையே" என்று ஒரு இழுவை. தீபாவளியோ பொங்கலோ, அமெரிக்காவில் நான் பார்த்த தமிழ் விழா மேடைகளில் எல்லாம் இதே அளவுகோல்தான். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்த நாடு தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் பல பாட்டுகள் முதல் சுற்றிலேயே வெளியே போயிருக்கும். காரணம், அவை அசல் மாதிரி இல்லவே இல்லை.

நான் சொல்வது கவர் வெர்ஷன்களைப் பற்றி. ஒருவர் எழுதி வெளியிட்ட பாட்டை இன்னொருவர் தன் குரலில், தன் இசையமைப்பில் மறுபடி பதிவு செய்வது. மெட்டைச் சுட்டுவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்வது இதில் சேராது. யார் எழுதியது என்று சொல்லிவிட்டுப் பாடுவதுதான் கவர்.

முதலில் ஜானி கேஷ். 'ஹர்ட்' என்ற பாட்டை எழுதியவர் ட்ரென்ட் ரெஸ்னர். அவருடைய நைன் இன்ச் நெய்ல்ஸ் குழு 1994-ல் அதை வெளியிட்டபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. போதையிலும் வெறுப்பிலும் மாட்டிக்கொண்ட ஓர் இளைஞனின் புலம்பலாக அது இருந்தது. 2002-ல் கேஷ் அதைப் பாடியபோது அவருக்கு வயது 70, உடம்பு தளர்ந்திருந்தது. இசையமைப்பைக் கிடாருக்கும் பியானோவுக்கும் சுருக்கினார்கள். வரிகளில் ஒரு கெட்ட வார்த்தையை மட்டும் மாற்றிவிட்டு, மீதியை அப்படியே பாடினார். ஆனால் அர்த்தம் தலைகீழானது. இளைஞன் பாடினால் 'என்னையே நான் அழித்துக்கொள்கிறேன்' என்று கேட்கும் பாட்டு, கிழவர் பாடினால் 'இத்தனை வருஷம் வாழ்ந்து என்ன மிச்சம்' என்று கேட்கிறது. மார்க் ரோமானெக் இயக்கிய வீடியோவைப் பார்த்த ரெஸ்னர், இது இனி தன்னுடைய பாட்டில்லை என்று தோன்றியதாகச் சொன்னார். அடுத்த ஆண்டே கேஷ் இறந்துபோனார்.

இரண்டாவது, 'ரெஸ்பெக்ட்'. ஓடிஸ் ரெடிங் எழுதி 1965-ல் பாடியது. வேலைக்குப் போய்ச் சம்பாதித்து வரும் ஆண், வீட்டுக்கு வந்தால் மரியாதை வேண்டும் என்று மனைவியிடம் கேட்கிறான். நல்ல பாட்டு, ஓடவும் செய்தது. 1967-ல் அரிதா ஃபிராங்க்ளின் அதைப் பெண்ணின் பாட்டாக மாற்றினார். மரியாதை என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொல்கிறாரே, இன்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிற அந்த இடம், அது ரெடிங்கின் பாட்டில் கிடையாது. அரிதா சேர்த்தது. கெஞ்சலும் அதட்டலுமாக இருந்த ஒரு வீட்டுச் சண்டை, கறுப்பின மக்களும் பெண்களும் உரிமை கேட்கும் குரலாக ஆகிவிட்டது. அதே ஆண்டு மான்டெரி இசை விழாவில் ரெடிங்கே மேடையில், ஒரு பெண் தன்னிடமிருந்து இந்தப் பாட்டைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

மூன்றாவது, 'ஆல் அலாங் த வாட்ச்டவர்'. பாப் டிலன் 1967 கடைசியில் கிடாரும் ஹார்மோனிகாவுமாகச் சிக்கனமாகப் பாடிய பாட்டு. சில மாதங்களில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதை எலக்ட்ரிக் கிடாரில் புயலாக மாற்றினார். டிலன் கோபித்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் தன் கச்சேரிகளில் அவரே அந்தப் பாட்டை ஹெண்ட்ரிக்ஸ் பாணியில் பாட ஆரம்பித்தார்.

கவர் அசலை மிஞ்சிவிட்டதா என்பதற்கு என் அளவுகோல் இதுதான்: எழுதியவரே திரும்பிப் பார்த்தாரா? எத்தனை லட்சம் பேர் கேட்டார்கள் என்பதோ, குரல் எவ்வளவு உச்சிக்குப் போனது என்பதோ எனக்கு இரண்டாம் பட்சம். பாட்டுக்குள் ஏற்கெனவே ஒளிந்திருந்து, எழுதியவருக்கே தெரியாமல் போன ஒன்றை மற்றவர் கண்டுபிடித்தாரா? கேஷ் முதுமையைக் கண்டுபிடித்தார். அரிதா ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தார். ஹெண்ட்ரிக்ஸ் அந்த வரிகளுக்குள் இருந்த புயலைக் கண்டுபிடித்தார். மூவரும் நகல் எடுக்கவில்லை, பாட்டைப் படித்தார்கள்.

"அதெல்லாம் சரி, எழுதினவன் கதி என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

அமெரிக்காவில் 1909-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு பாட்டு ஒருமுறை வெளியாகிவிட்டால், சட்டம் நிர்ணயித்த தொகையைக் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் அதைத் தன் குரலில் பதிவு செய்யலாம். எழுதியவர் தடுக்க முடியாது, ஆனால் அவருக்குக் காசு போய்ச் சேரும். தன் பாணிக்கேற்ப இசையமைப்பை மாற்றிக்கொள்ளலாம், அடிப்படை மெட்டை மாற்றக் கூடாது. இந்த வழி ஒலிப்பதிவுக்கு மட்டும்தான். வீடியோவாகப் போடத் தனி அனுமதி வேண்டும். இந்தியாவில் 2012-ம் ஆண்டுத் திருத்தத்தில் கவர்களுக்குப் புதிய விதிகள் வந்தன. முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து, அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். உரிமையாளர் சம்மதமில்லாமல் வரிகளிலோ இசையிலோ கை வைக்கக் கூடாது. வீட்டில் மைக் வைத்துப் பாடி இணையத்தில் ஏற்றும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

காசு யாருக்குப் போகிறது என்பதிலும் சில கசப்பான கதைகள் உண்டு. அமெரிக்காவில் சாதாரண ரேடியோவில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவர் தரப்புக்குத்தான் ராயல்டி, பாடியவருக்கு இல்லை. 'ரெஸ்பெக்ட்' ரேடியோவில் எத்தனை முறை ஒலித்தும் அந்த வகையில் அரிதாவுக்கு எதுவும் வரவில்லை. எதிர்ப்பக்கம் டாலி பார்ட்டன் இருக்கிறார். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டை எழுதி 1974-ல் வெளியிட்டார். எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். ஆனால் அவருடைய மேனேஜர் பாட்டின் வெளியீட்டு உரிமையில் பாதியைக் கேட்டார். டாலி முடியாது என்றார். எல்விஸ் பாடவில்லை. 1992-ல் விட்னி ஹூஸ்டன் பாடி, 14 வாரம் பில்போர்ட் பட்டியலில் முதலிடத்தில் இருந்தபோது, எழுதியவருக்கு உரிய பங்கு முழுதாக டாலிக்கு வந்தது.

இந்த இருவரையும்விடப் பாவம் பிக் மாமா தார்ன்டன். 'ஹவுண்ட் டாக்' பாட்டை முதலில் பதிவு செய்தவர் இந்தக் கறுப்பினப் பெண்மணிதான். 1953-ல் அது ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. தனக்குக் கிடைத்ததெல்லாம் 500 டாலர்தான் என்று அவர் பின்னாளில் சொன்னார். 1956-ல் எல்விஸ் பாடினார். இன்று அந்தப் பாட்டைச் சொன்னால் யார் முகம் மனசில் வருகிறது? எல்விஸ் நன்றாகப் பாடவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் பாடியவரின் பெயர் அழிந்துபோகிற மாதிரி ஒரு கவர் ஓடினால், அதை வெற்றி என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது புரியும். ஓப்பன் சோர்ஸ் கோடை யாரும் எடுத்து, மாற்றி, அசலைவிட நன்றாகவே செய்யலாம். ஆனால் முதலில் எழுதியவர் பெயர் இருக்கும் அந்த வரியை நீக்கக் கூடாது. மாற்றும் சுதந்திரமும் பெயர் சொல்லும் கடமையும் சேர்ந்தேதான் வரும்.

நாமோ இரண்டையும் தலைகீழாகச் செய்கிறோம். பாடும் பிள்ளைக்கு மாற்றும் சுதந்திரம் தருவதில்லை, எழுதியவர் பெயரையும் சொல்வதில்லை. "அடுத்து ரஜினி பாட்டு", "இப்போ ஒரு விஜய் பாட்டு" என்றுதான் அறிவிப்பு. வாயசைத்தவர் பெயர் இருக்கிறது, சில சமயம் இசையமைப்பாளர் பெயர் வரும். வரிகளை எழுதிய கவிஞரைக் காணோம்.

நம் மரபு இப்படி இருந்ததில்லை. கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'வருகலாமோ'வை இன்று ஒருவர் கச்சேரியில் பாடினால், "பாரதியார் பாடின மாதிரி இல்லையே" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் குரல் நம் காதுக்கு வந்ததே இல்லை. பாடுகிறவர் தன் மனோதர்மத்தோடு பாடுகிறார். 'யார் எழுதியது' என்பது மட்டும் மறக்கவில்லை. இசைத்தட்டும் கேசட்டும் வந்த பிறகுதான், முதலில் கேட்ட குரலே பாட்டு என்று நாம் பழகிப்போனோம். ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் கெட்டி. அந்தக் குரலில்தான் நம் ஊர் இருக்கிறது, நம் அப்பாவின் டேப் ரெக்கார்டர் இருக்கிறது. அது போய்விடுமோ என்ற பயம் நமக்கு. புரிகிறது. ஆனால் அந்த டேப் ரெக்கார்டர் நியூ ஜெர்சியிலோ டொரோண்டோவிலோ பிறந்த பிள்ளையின் ஞாபகத்தில் இல்லை. அவளுக்கு அந்தப் பாட்டில் அவளுடைய இடம் வேண்டும்.

இதனால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. அரிதா அந்தப் பாட்டின் ஒவ்வொரு வரியும் யார் யாரிடம் சொல்வது என்று தெரிந்துதான் மாற்றினார். அர்த்தம் தெரியாமல் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடினால், அசல் மாதிரியும் வராது, புதிதாகவும் எதுவும் வராது. ஆகவே பெற்றோருக்கும் விழா நடத்துபவர்களுக்கும் மூன்றே கோரிக்கைகள். பிள்ளை பாடும் முன் வரிகளின் அர்த்தத்தை உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். தாளத்தைக் குறைத்தாலும் கிடாரில் வாசித்தாலும், "அப்படி இல்லம்மா" என்று தடுக்காதீர்கள். மேடையில் அறிவிக்கும்போது எழுதியவர், இசையமைத்தவர், முதலில் பாடியவர் மூன்று பேர் பெயரையும் சொல்லச் சொல்லுங்கள். பத்து வினாடிகூட ஆகாது.

வருகிற விழாவில் ஒரு பெண் வேறு மாதிரி பாடினால், ஜானகியம்மாவை ஒரு நிமிஷம் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு இந்தப் பிள்ளை என்ன கண்டுபிடித்திருக்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றும் கண்டுபிடிக்காமலும் போகலாம். பத்தில் ஒன்பது கவர்கள் அப்படித்தான். அந்தப் பத்தாவது வர வேண்டுமானால் மற்ற ஒன்பதையும் நாம் பொறுமையாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.