பழையதும் பழுத்ததும்: ரியோஹாவுக்காக ஓர் எதிர்வழக்கு

ஸ்பெயினின் ரியோஹா ஒயினைக் 'கிழட்டு ஒயின்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நிறம் வெளிறியது, மரவாசனை தூக்கலானது, பழத்தின் உயிர் போய்விட்டது, தாத்தாக்கள் குடிப்பது: குற்றப்பத்திரிகையின் வாசகங்கள் இவ்வளவே. ஆங்கில இதழ்களில் இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் புழங்கித் தேய்ந்த இவ்வாசகங்கள், ஒயின் குறித்துத் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் இப்போது மூலத்தினும் உறுதியான குரலில் ஒலிக்கின்றன. மூலத்தில் எழுதியவராவது குடித்துப் பார்த்துவிட்டு எழுதினார்.

கள்ளுண்ணாமை அதிகாரத்தைக் கையிலெடுக்க ஆயத்தமாகும் அன்பர்களுக்கு ஒரு சொல். அவ்வதிகாரத்தை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். பத்துக் குறளும் நினைவிலுள்ளன. இங்கே வழக்கு, குடிக்கலாமா என்பதன்று. ஒரு பொருளை அதன் இயல்பைக்கொண்டு மதிப்பிடுவதா, வேறொன்றின் இயல்பைக்கொண்டு மதிப்பிடுவதா என்பதே.

வட ஸ்பெயினில் எப்ரோ ஆற்றின் இருமருங்கிலும் கிடக்கிறது ரியோஹா. வடக்கே கான்டாப்ரியா மலைத்தொடர், தெற்கே தெமாந்தா மலைகள். மேற்குப் பகுதிகளில் அட்லாண்டிக்கின் ஈரக்காற்று. கிழக்கே செல்லச்செல்ல மத்தியதரைக் கடலின் வெம்மை. முதன்மையான திராட்சை தெம்ப்ரனியோ. 'முன்னதாக' என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர். மற்றவற்றுக்கு முன்னரே கனிந்துவிடும். அதனோடு கர்னாச்சா, கிராசியானோ, மசுவேலோ ஆகியவற்றையும் சிறிதளவு கலப்பதுண்டு.

இந்த ஒயினின் ஆதரவாளர்கள் பலரும் செய்கிற பிழையையும் இங்கேயே சுட்டிவிடுகிறோம். 'தொன்மையான மரபு' என்பது அவர்களுடைய முதல் வாதம். அது நிற்காது. பெர்சேயோ என்னும் ரியோஹாச் சிற்றூரைச் சேர்ந்த கொன்சாலோ தெ பெர்சேயோ, 13-ஆம் நூற்றாண்டினர். காஸ்தீலிய மொழியில் பெயர் அறியப்பட்ட முதற்கவிஞர். புனிதர் ஒருவரின் வரலாற்றைப் பாடத் தொடங்குமிடத்திலேயே, தம் பாட்டுக்குக் கூலியாக ஒரு கோப்பை நல்ல ஒயின் தகும் என்கிறார். (பரிசில் கேட்பதில் நம் புலவர்களுக்கு இளைத்தவர் அல்லர், கேட்ட அளவில்தான் அடக்கம்.) ஆனால் பெர்சேயோ குடித்தது இன்றைய ரியோஹாவாக இருக்க வழியில்லை. ஓக் மரத்தின் சிறு பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைத்து முதிரச் செய்யும் முறை அங்கே வேரூன்றியது 19-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் குலையோடு தொட்டியில் கொட்டிப் புளிக்கவைத்து, பெரும்பாலும் அவ்வாண்டுக்குள்ளேயே குடித்துத் தீர்த்தார்கள். அலாவாப் பகுதி விவசாயிகள் சிலர் இன்றும் அவ்வகை இளம் ஒயினை ஆக்குகிறார்கள்; அதற்கும் ஒரு சுவை உண்டு.

பீப்பாய் வந்தது பிரான்சின் போர்தோவிலிருந்து. லூசியானோ முர்ரியேத்தா அம்முறையில் 1852-லேயே ஒயின் ஆக்கிப் பார்த்தார். 1862-இல் அலாவா மாகாண ஆட்சி, ஜான் பினோ என்னும் போர்தோ வல்லுநரை அமர்த்தி விவசாயிகளுக்குக் கற்பிக்கச் சொன்னது. செலவைக் கண்டு பெரும்பாலோர் பின்வாங்கினர். எல்சியேகோவில் மார்கெஸ் தெ ரிஸ்கால் அவரைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். பின்னர் ஃபில்லோக்செரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் கொடிகளை அழிக்க, பிரெஞ்சு வணிகர்கள் ரியோஹாவுக்கு வந்து குவிந்தனர். ஆரோ என்னும் ஊரின் தொடர்வண்டி நிலையத்தைச் சுற்றியே ஒயின் மனைகள் எழுந்தன. லோப்பெஸ் தெ எரேதியா 1877, குனே 1879, லா ரியோஹா ஆல்த்தா 1890. பூச்சி கடைசியில் ரியோஹாவுக்கும் வந்தது, பிரெஞ்சுக்காரர் போய்விட்டனர், 225 லிட்டர் பீப்பாய் மட்டும் தங்கிவிட்டது. ஆகவே 'மரபு' என்று நாம் காக்க நினைப்பது கடன்வாங்கிய ஒன்று. போர்தோ கைவிட்ட அளவுக்கு மேலேயும் காலத்தை அதில் செலுத்தியதுதான் ரியோஹாவின் சொந்தச் சரக்கு.

இனி 'மரவாசனை'. ரியோஹா பிரெஞ்சு ஓக்கைவிட அமெரிக்க ஓக்கையே நெடுங்காலம் விரும்பியது. பிரெஞ்சு ஓக்கை இழைவாட்டில் பிளந்தால்தான் பீப்பாய் ஒழுகாது, அதனால் சேதம் மிகுதி, விலையும் மிகுதி. அமெரிக்க ஓக்கை அறுக்கலாம். அது தருகிற மணங்கள் வெனிலாவும் தேங்காயும். மேலைநாட்டு விமர்சகர் தேங்காய் மணத்தைக் குறையெனச் சொன்னால் அவருடைய நாவின் வளர்ப்பு அது. தேங்காய்ப்பால் ஊற்றிய ஆப்பம் தின்று வளர்ந்தவர் அதைக் கிளிப்பிள்ளைபோல் திருப்பிச் சொல்வதை என்னவென்பது? அதுவும் போகட்டும். மரமணம் தூக்கலாக ஏறுவது புதிய பீப்பாயில். பழைய மனைகள் பலமுறை பயன்பட்ட பீப்பாய்களையே பெரிதும் பயன்படுத்துகின்றன. அவை மணத்தைக் காட்டிலும் காற்றைத்தான் தருகின்றன. மரத்தின் வழியே மெல்ல மெல்ல நுழையும் காற்று, துவர்ப்புப் பொருள்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது; பிணைந்தவை கனத்து வண்டலாய் அடியில் படிகின்றன. நிறமும் கூடவே இறங்குகிறது. மாணிக்கச் சிவப்பு, ஓட்டுச் சிவப்பாகிறது. குற்றப்பத்திரிகை சொல்லும் 'வெளிறல்' இதுதான்.

துவர்ப்பு என்று சொன்னோம். அறுசுவையில் ஒன்றாக அதை எண்ணிய மொழி நம்முடையது. நெல்லிக்காயும் கடுக்காயும் பாக்கும் வாழைப்பூவும் அறிந்த நாவுக்குச் சிவப்பு ஒயினின் முதல் மிடறு விளங்காத புதிர் அன்று. இளம் தெம்ப்ரனியோவின் துவர்ப்பு பச்சைப் பாக்குப்போலப் பிடிக்கிறது. பல்லாண்டு கழித்து அதே துவர்ப்பு நாவில் ஒரு பட்டுத்துணி அளவே தங்குகிறது. புளிப்பு மட்டும் குன்றாமல் அடியில் நிற்பதால் ஒயின் சரிவதில்லை. உலர்ந்த செர்ரி, புகையிலை, பதனிட்ட தோல், மழைக்குப் பிந்திய சருகு ஆகிய மணங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றன; முதல் மிடற்றில் வந்தது கடைசி மிடற்றில் இருப்பதில்லை. புறநானூற்றுக் குறவர்கள் மூங்கிற்குழாயில் முதிரவைத்த தேறலைப் புலவர் 'பழுனிய' என்ற சொல்லால் குறித்தார். பழையது வேறு, பழுத்தது வேறு. பச்சைப்பழத்தின் சாறு இல்லையே என்று ரியோஹாவிடம் குறைப்படுவோர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்கிறார்கள்.

இக்குழப்பம் தானாக வந்ததன்று. 1978-இல் இராபர்ட் பார்க்கர் தொடங்கிய இதழ், நூற்றுக்கு மதிப்பெண் இடும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. அதில் எந்த ஒயினுக்கும் ஐம்பது உறுதி. (வந்து உட்கார்ந்ததற்கே ஐம்பது! நம் பல்கலைக்கழகங்கள் இன்னும் இவ்வளவு தாராளம் காட்டவில்லை.) விடைத்தாள் திருத்தும் முகாமில் ஆண்டுதோறும் உட்காருகிறவர்கள் நாம், நாளொன்றுக்கு நாற்பது தாள் கடந்தபின் எத்தகைய தாள் கண்ணை நிறுத்தும் என்பது தெரியும். தடித்தது, கறுத்த மையில் எழுதியது, பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடிட்டது. வரிசையாக வைத்துச் சுவைத்துத் துப்பும் இடத்திலும் அதுவே நடக்கிறது. கறுப்பானது, கனமானது, சாராயச் சூடு ஏறியது வெல்லும்; மெல்லப் பேசுவது தோற்கும். 1990-களில் ரியோஹாவிலேயே பலர் 'உயர் வெளிப்பாடு' என்னும் பெயரில் புதிய பிரெஞ்சுப் பீப்பாய்களில் மைபோன்ற ஒயின்களை ஆக்கத் தொடங்கியது இந்த மதிப்பெண் காற்று வீசியபோதுதான். அவற்றுள் நல்லவையும் உண்டு. ஆயின் கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தால் எந்த நாட்டுச் சரக்கு என்று சொல்ல முடியாதவையே மிகுதி. 2013-இல் ஓர் அமெரிக்க இதழ் குனே மனையின் 2004-ஆம் ஆண்டு இம்பீரியல் கிரான் ரெசெர்வாவை ஆண்டின் சிறந்த ஒயினாக அறிவித்ததைக் காட்டி நண்பர்கள் வெற்றிக்கூச்சல் இடுவதுண்டு. நாம் இடமாட்டோம். மதிப்பெண்ணைப் பழித்துவிட்டு அதையே சாட்சிக்கு அழைப்பது முறையன்று.

எதிர்த்தரப்பில் ஒரு கூற்றை மட்டும் ஏற்கிறோம்: ரியோஹாவின் குப்பிச்சீட்டு பொய் சொல்லவில்லையாயினும் முழு உண்மையும் சொல்வதில்லை. கிரியான்சா என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு முதிர்வு, அதில் ஓராண்டு பீப்பாயில். ரெசெர்வா மூன்று, பீப்பாயில் ஒன்று. கிரான் ரெசெர்வா ஐந்து, பீப்பாயில் இரண்டு. சட்டம் எண்ணுவது இதைத்தான். எந்தத் தோட்டம், எவ்வளவு வயதான கொடி, யார் வளர்த்தது என்பதைப் பற்றி நெடுங்காலம் அதற்கு அக்கறையில்லை. விளைவு, சமவெளியில் மிகையாய் விளைவித்த திராட்சையையும் ஓராண்டு பீப்பாயில் கிடத்திவிட்டுப் பெரும் அங்காடியில் 'ரெசெர்வா' என்று விற்கலாம். எடைக்குக் காசு வாங்கும் விவசாயிக்கு மலைச்சரிவின் முதிய கொடியைக் காக்க ஒரு காரணமும் இல்லாமற்போனது. 2015-இன் இறுதியில் ஆர்த்தாதி என்னும் பெயர்பெற்ற மனை ரியோஹா முத்திரையே வேண்டாமென்று வெளியேறியது இந்த மனக்குறையால்தான். 2017-இல் ஒழுங்காற்று மன்றம் 'தனித்தோட்டம்' என்னும் பிரிவை ஏற்படுத்தியது. கொடிக்குக் குறைந்தது 35 வயது, ஹெக்டேருக்கு 5,000 கிலோவுக்கு மிகாத விளைச்சல். நல்ல முடிவு, மிகவும் காலங்கடந்த முடிவு. 2023-இல் தேவை சரிந்து, பச்சைக் குலைகளையே வெட்டி நிலத்தில் போடுவதற்கு உதவித்தொகை வழங்கும் நிலை வந்துவிட்டது.

ஆனால் இதிலிருந்து 'காலம் போதும், இனி இடமே முதன்மை' என்று தாவுகிறவர்களோடு நாம் உடன்படவில்லை. காலமும் இடமும் சக்களத்திகள் அல்லர். ஆரோவுக்கருகே எப்ரோ வளைந்தோடும் மடியில் தோந்தோனியா என்னும் தோட்டம் இருக்கிறது; லோப்பெஸ் தெ எரேதியா குடும்பம் ஒரு நூற்றாண்டுக்கு முன் நட்டது. அத்தோட்டத்தின் ரெசெர்வா, சட்டம் ஓராண்டு கேட்குமிடத்தில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் பீப்பாயில் கிடக்கிறது. மனைக்குள்ளேயே பீப்பாய் செய்கிறார்கள். கையால் வடித்து மாற்றுகிறார்கள். முட்டை வெண்கருவால் தெளியவைக்கிறார்கள். ஒற்றைத் தோட்டமும் நெடுங்காலமும் ஒரே குப்பியில் இருக்கின்றன. இரு கட்சியாரும் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

ரியோஹாவின்பால் நமக்குள்ள ஈர்ப்புக்கு இன்னொரு காரணம் மிகச் சாதாரணமானது. போர்தோவின் பெருங்குப்பிகளை இளமையிலேயே விற்றுவிடுகிறார்கள். முதிரவைக்கும் பொறுப்பு வாங்கியவருடையது. நிலவறை இல்லாத, சித்திரை வெயிலில் சுவரே கொதிக்கும் வாடகை வீட்டில் நாம் எதை முதிரவைப்பது? ரியோஹாக்காரர் தம் செலவில், தம் இருட்டறையில் காத்திருந்து, குடிக்கும் பதத்தில் தருகிறார். அந்த ஆண்டுகளுக்கு அவர் வாங்கும் விலை, போர்தோவின் பெயருக்கு மட்டும் கொடுக்கும் விலையைவிடக் குறைவு.

குப்பிச்சீட்டில் 'அறை வெப்பநிலையில் பரிமாறுக' என்றிருந்தால் அது ஐரோப்பியக் கல்வீட்டின் அறை. பதினாறு பதினெட்டுப் பாகை. நம்மூரில் முப்பத்திரண்டு பாகையில் ஊற்றினால் சாராயச் சூடு மேலேறி, மரம் ஒருபக்கமும் புளிப்பு ஒருபக்கமுமாகப் பிரிந்து நிற்கும். அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தெடுத்தாலே போதும். மரவாசனைக் குற்றம் சாட்டியவர்கள் எந்த வெப்பத்தில் குடித்துவிட்டுத் தீர்ப்பெழுதினார்கள் என்பதை முதலில் தெரிவிக்கட்டும். மற்றதைப் பிறகு பேசுவோம்.