கொடி உண்டு; குடி இல்லை!

பவளக் கடலிலே ஒரு தீவு. கேட்டோ என்பது அதன் பெயர். ஆஸ்திரேலிய நாட்டின் குவீன்ஸ்லாந்துக் கரைக்குக் கிழக்கே, அலைகளுக்கிடையே கிடக்கும் மணல் திட்டு. பறவைகள் உண்டு, மக்கள் இல்லை. அந்தத் திட்டிலே 2004-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் சிலர் சென்று இறங்கினர். வானவிற்கொடியை நாட்டினர். தன்பாலீர்ப்பினரின் தனி அரசு பிறந்துவிட்டது என்று உலகுக்கு அறிவித்தனர். டேல் பார்க்கர் ஆண்டர்சன் என்பார் பேரரசராகப் பட்டம் சூட்டப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பர் திங்களில் ஆஸ்திரேலியாமீது போர்ப் பிரகடனமும் வெளிவந்தது. படை இல்லை, பாசறை இல்லை, பீரங்கி இல்லை. பிரகடனம் மட்டும் இருந்தது! பின்னர் அஞ்சல் தலைகளும் வந்தன.

நகைப்பு வருகிறதா? நகைத்துக் கொள்ளுங்கள். ஆனால், அவர்களை அந்த மணல் திட்டுக்குத் துரத்தியது எது என்று கேட்டறிந்த பிறகு நகையுங்கள். அந்த ஆண்டிலேதான் ஆஸ்திரேலிய அரசு தன் திருமணச் சட்டத்தைத் திருத்த முனைந்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைவதே திருமணம். வேறு நாட்டிலே சட்டப்படி மணந்து வந்த தன்பாலினத்தவரானாலும் இங்கே அவர்கள் மணமக்கள் அல்லர் — இதுவே திருத்தத்தின் சாரம். வரி கட்டும்போது குடிமக்கள்; வாக்குச் சீட்டைப் பெறும்போது குடிமக்கள்; கரம் பற்றும்போது மட்டும் அந்நியர்! சொந்த நாட்டிலே அந்நியராக்கப்பட்டோர் அந்நிய நாடொன்றைக் கற்பனை செய்தால், நகைப்புக்குரியவர் யார்? கற்பனை செய்தவரா, அதற்குக் காரணமானவரா?

இந்தக் கனவு அந்தத் தீவிலே முதன்முதல் முளைத்ததும் அன்று. 1970-ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துத் தன்பாலீர்ப்பினர் விடுதலை இயக்கத்தார் ஒரு திட்டம் தீட்டினர. கலிஃபோர்னியா மலைப்பகுதியிலே ஆல்பைன் என்றொரு மாவட்டம். அதன் மக்கள்தொகை ஐந்நூறுக்கும் குறைவு. சில நூறு பேர் அங்கே குடியேறி, வாக்காளராகி, தேர்தலிலே வென்றால், காவல் அதிகாரியும் நம்மவர், நீதிபதியும் நம்மவர் என்பது கணக்கு. அவர்களுடைய உறவையே குற்றமென்று கலிஃபோர்னியச் சட்டம் கூறிய காலம் அது. திட்டம் பரபரப்பை ஊட்டியது, குடியேற்றம் நிகழவில்லை.

சரி, நிகழ்ந்ததாகவே கொள்வோம். தீவு செழித்தது, நகரம் எழுந்தது, அரசு நடக்கிறது என்றே கொள்வோம். அந்தச் சமுதாயம் எப்படியிருக்கும்?

முதற்கேள்வி வாயிற்படியிலேயே எழுகிறது. யாரை உள்ளே விடுவது? "நீ யாரை நேசிக்கிறாய்? மெய்ப்பி!" என்று கேட்க ஓர் அதிகாரி வேண்டுமே! எந்தக் கேள்விக்கு அஞ்சி ஓடிவந்தனரோ, அதே கேள்வி அங்கே குடியுரிமைச் சட்டமாகி நிற்கும்.

உள்ளே சென்றால், நிலம் யாருடையது? வீட்டுக்காரனும் குடியிருப்பவனும் ஒரேவிதமாக நேசிக்கிறார்கள் என்பதற்காக வாடகை குறைந்துவிடுமா? முதலாளியின் காதலும் தொழிலாளியின் காதலும் ஒன்றென்பதற்காகக் கூலி உயர்ந்துவிடுமா? வெள்ளை நிறத்தான் கறுப்பு நிறத்தானை இழிவாக நோக்கும் நோய் கடல் தாண்டியதும் தீர்ந்துவிடுமா? சமத்துவம் தேடிச் சென்றவர்கள் முதல் வேலையாகச் செய்தது என்ன? ஒருவரைப் பேரரசராக்கியது! கேலிக்காகவே செய்திருக்கட்டும், கேலியிலும் கிரீடம் தானே முளைக்கிறது!

அடுத்து, குழந்தைகள். அந்நாட்டிலே வளரும் பிள்ளை எதிர்ப்பாலினரை நேசித்தால் என் செய்வது? அவனை அனுப்ப இன்னொரு தீவு தேடுவதா? அதைவிடப் பெரிய உண்மை ஒன்றுண்டு. அந்நாட்டின் நாளைய குடிமக்கள் அந்நாட்டிலே பிறக்கமாட்டார்கள். மெல்போர்னிலும் மூனிச்சிலும் மதுரையிலும், ஆணும் பெண்ணுமாக வாழும் பெற்றோரின் வீடுகளிலே பிறப்பார்கள். பதினான்கு வயதிலே தன் மனத்தைத் தானே கண்டு நடுங்கி, தலையணையிலே முகம் புதைத்து அழும் அந்தப் பிள்ளைக்கு, ஆயிரம் கல் தொலைவிலே பறக்கும் கொடி என்ன ஆறுதல் தரும்? மொழிக்கு நிலம் உண்டு. இனத்துக்கு நிலம் உண்டு. இந்த மக்களுக்கோ எல்லா நிலமும் தாய் நிலம்!

தனி நாடு என்னும் சொல் நமக்குப் புதிதன்று. நிலமும் மொழியும் வரலாறும் இருந்த நிலையிலும், 1963-லே அந்தக் கோரிக்கையை விடுத்தோம்; உரிமைகளை விடவில்லை, போராட்டத்தை விடவில்லை. நம்முடைய சுயமரியாதைத் திருமணங்களையும் எண்ணிப் பாருங்கள். புரோகிதரின்றி, மந்திரமின்றி, மாலை மாற்றி மணந்தோரைப் பார்த்து, "இது திருமணமே அன்று" என்றது வைதீகம். 1950-களிலே நீதிமன்றமும் செல்லாது என்றது. மணந்தோர் தீவு தேடினரா? இல்லை. ஊரின் நடுவே பந்தலிட்டு, உறவினர் கண்முன்னே மீண்டும் மீண்டும் மணந்தனர். 1967-லே அண்ணா ஆட்சி அமைந்தது. அத்திருமணங்கள் செல்லும் என்று சட்டம் இயற்றப்பட்டது. நடந்து முடிந்தவையும் செல்லுபடியாயின. ஊரை விட்டு ஓடாமல், ஊரைத் திருத்திய வரலாறு இது.

கார்ல் ஹைன்ரிச் உல்ரிக்ஸ் என்னும் ஜெர்மானிய வழக்கறிஞரும் இவ்வழியே நடந்தவர். 1867-லே மூனிச் நகரில் சட்ட அறிஞர்களின் மாநாட்டிலே எழுந்து, தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கும் சட்டம் ஒழிக என்றார். கூச்சலிட்டு அமர வைத்தனர். அந்தக் கூச்சல் ஓய நெடுங்காலம் ஆயிற்று. அந்நாட்டின் 175-ஆம் பிரிவு 1994-லேதான் முற்றாக நீங்கியது. ஆனால் நீங்கியது!

கேட்டோ தீவின் கதையும் அங்கேதான் முடிகிறது. 2017-லே ஆஸ்திரேலிய மக்களிடம் அஞ்சல் வழியே கருத்துக் கேட்கப்பட்டது. 61.6 விழுக்காட்டினர் தன்பாலினத் திருமணத்தை ஏற்றனர். டிசம்பரிலே சட்டம் திருந்தியது. முடிவு வெளியான நவம்பரிலேயே தீவின் பேரரசு தன்னைத் தானே கலைத்துக் கொண்டது. அந்த அரசு செய்த காரியங்களிலே சிறந்தது அதுவே!

இங்கே? 1860-லே ஆங்கிலேயர் எழுதிய 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து, மனமொத்த வயது வந்தோரை உச்ச நீதிமன்றம் 2018-லே விடுவித்தது. திருமண உரிமை கேட்டபோது, 2023-லே, அது சட்டமன்றங்களின் வேலை என்று கைவிரித்தது. பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு பெண்களின் வழக்கிலே, காவல்துறை அவர்களைத் துன்புறுத்தலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-லே ஆணையிட்டது. அவ்விரு பெண்களும் தேடியது தீவு அன்று, பேரரசு அன்று. அச்சமின்றி உறங்க ஓர் அறை!

"இவர்கள் எங்கேனும் போய்த் தொலையட்டும்" என்பார் வைதீகர். "எங்கேனும் போய்விட்டால் போதும்" என்று ஏங்குவார் நொந்தவர். இருவருக்கும் நாம் கூறும் விடை ஒன்றே: யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. போக வேண்டியது சட்டத்திலுள்ள சூது, நெஞ்சிலுள்ள மடமை. நீதிமன்றம் சட்டமன்றத்தைக் காட்டிவிட்டது. சட்டமன்றத்துக்கு ஆளனுப்புவது நம் வாக்கு. அந்த வாக்கைக் கேட்டு வருவோரிடம், இளைஞர்களே, இந்தக் கேள்வியைக் கேளுங்கள். விடை வரும் வரை கேளுங்கள்!