மனவடுவும் மறுக்கப்பட்ட துக்கமும்

தனியொருவருடைய வாழ்வில் நேர்ந்த விபத்தினால் உண்டாகும் மனக்காயத்துக்கும், ஒரு சமூகம் முழுவதும் பல ஆண்டுகள் யுத்தத்தினூடே வாழ்ந்து பெற்ற மனக்காயத்துக்கும் உள்ள வேற்றுமையை வைத்திய சாஸ்திரம் வெகுகாலம் பொருட்படுத்தவில்லை. வியட்நாம் யுத்தத்திலிருந்து மீண்ட சிப்பாய்களின் துன்பமே பெரிதும் தூண்டுகோலாக அமைய, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் மனக்காயத்தைத் தனியொரு நோயாக அங்கீகரித்தபோது, பயங்கரம் முடிந்துவிட்டது, நோயாளி வீடு திரும்பிவிட்டார், ஞாபகம் ஒன்றுதான் அவரைத் தொடர்கிறது என்னும் அனுமானம் அந்த இலக்கணத்தினுள் அடங்கியிருந்தது. திரும்புவதற்கு வீடே இல்லாதவர்களுக்கும், பயங்கரம் முடிந்ததா இல்லையா என்றே அறியாதவர்களுக்கும் அது பொருந்தாது என்பதற்கு இலங்கையின் வடக்கும் கிழக்கும் சாட்சி.

இலங்கையின் உள்நாட்டு யுத்தத்தின் நடுவே யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்து, இப்பொருள் குறித்து ‘மனவடு’ என்ற நூலையும் எழுதிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதனை ஆழ்ந்து ஆராய்ந்தவர். தம்மிடம் வருவோர் துயரத்தைத் துயரம் என்று சொல்லாமல், தலையிடி என்றும் நெஞ்சுப் படபடப்பு என்றும் முறையிட்டுப் பெருமூச்செறிந்தவாறு உட்கார்ந்திருக்கக் கண்ட அவர், தனி மனத்தோடு கூட அதனைத் தாங்கி நின்ற குடும்பமும் அயலும் ஊருமே காயம்பட்டிருக்கின்றன என்று எழுதினார். மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்து, உறவுகள் சிதறி, யாரை நம்பிப் பேசுவது என்ற அச்சத்தினால் மௌனமே சுபாவமாகிவிட்ட ஒரு சமூகத்தில், நோயாளியைத் தனியறைக்கு அழைத்துப் பேசவைப்பதனால் மட்டும் சிகிச்சை பூர்த்தியாகிவிடுமா? ஆகவே மருந்தோடும் ஆலோசனையோடும் சுவாசப் பயிற்சியும், அவரவர் சமயத்துக்கு இசைந்த ஜபமும் பிரார்த்தனையும் சிகிச்சையில் இடம்பெற வேண்டும் என்றார்; கிராம மட்டத்துப் பணியாளர்களை அதற்குப் பயிற்றுவித்தார். மக்களிடம் ஏற்கெனவே இருந்த பலத்தை வீணாக்கலாகாது என்னும் அந்த விவேகத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வடக்கு, கிழக்குக் கரைகளை அழித்தபோது அந்த விவேகம் எல்லோரிடமும் இருக்கவில்லை. பல தேசங்களிலிருந்து நல்லெண்ணத்தோடு வந்திறங்கிய ஆலோசகர்களிற் சிலர், மக்களின் மொழியையே அறியாதவர்களாய் இருந்தனர். அத்தகையோர் கையாண்ட, நேர்ந்ததை உடனடியாக ஒரே அமர்வில் விவரிக்கச் செய்யும் முறையோ, பிற்கால நோயைத் தடுப்பதில்லை என்றும் சிலருக்கு அதனை மிகுவிக்கவும் கூடும் என்றும் அதற்கு முன்னரே பரிசோதனைகளால் தெரிந்திருந்தது. மாறாக, வடகிழக்கின் முகாம்களில் மனக்காய நோய் கண்ட 31 சிறுவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தம் வாழ்க்கையைக் கோவையாகச் சொல்லும் சிகிச்சையும், மறுபிரிவினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டே ஆறு அமர்வுகளில் அளித்த ஆய்வொன்றில், ஆறு மாதத்துக்குப் பின் முதற்பிரிவினரில் 81 சதவீதத்தினரும் மற்றவரில் 71 சதவீதத்தினரும் குணமடைந்திருந்தனர். சிறிய ஆய்வுதான், ஆயினும் அறிந்த பாஷையில் பேசும் ஒருவர் பொறுமையோடு பலமுறை வந்து அருகில் அமர்வதே சிகிச்சையின் பெரும்பகுதி என்று அதிலிருந்து நான் கொள்கிறேன்.

எனினும், இறந்தவரை இறந்தவர் என்று சொல்லவும் வழியற்ற குடும்பங்களுக்கு இவையெல்லாம் ஓரளவே உதவும். சர்வதேச செஞ்சிலுவைக் குழு இலங்கையில் பதிவுசெய்துள்ள காணாமற்போனோர் எண்ணிக்கை 16,000க்கு மேல். அவர்களுள் அரச படையினரும் உளர். உடல் கிடைத்த வீட்டில் அழுகைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு: எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, பின்னர் ஆண்டுத் திவசம் என்று துக்கத்தைப் படிப்படியாக இறக்கிவைக்க ஊரே வந்து தோள் கொடுக்கிறது. உடலும் இல்லை, செய்தியும் இல்லை என்ற வீட்டிலோ, அந்தியேட்டி செய்தால் உயிரோடிருக்கும் பிள்ளையைத் தன் கையாலேயே சாகடித்ததாகிவிடுமோ என்று தாய் நடுங்குகிறாள். பொட்டு வைப்பதற்கும் வையாதிருப்பதற்கும் மனைவி ஊராருக்குச் சமாதானம் சொல்ல வேண்டியவளாகிறாள். யுத்த காலத்தில் மட்டக்களப்புப் பகுதித் தாய்மார் அம்மனுக்கு வாக்குச் சொல்வோரை நாடிச் சென்று பிள்ளையின் கதியைக் கேட்டதை மானிடவியலாளர் பற்றிசியா லோரன்ஸ் எழுதியிருக்கிறார். அதிகாரத்தில் இருந்தோர் சொல்ல மறுத்த பதிலை அம்மனிடம் கேட்ட அப்பெண்களை மூடநம்பிக்கையினர் என்று ஒதுக்குவது அநியாயம். மரணச் சான்றிதழை ஏற்றுக்கொண்டால்தான் நிவாரணம் என்ற நிர்ப்பந்தத்துக்கு மாற்றாக, காணாமற்போனமையை உறுதிசெய்யும் சான்றிதழ் வழங்கச் சட்டம் இடமளித்ததே 2016இல்தான். அடுத்த ஆண்டு பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டது பதில். அந்தப் பதில் வராதவரை அவர்களுக்கு ‘மறந்து முன்னேறுங்கள்’ என்று உபதேசிக்க ஆலோசகர் எவருக்கும் உரிமை இல்லை.

2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணியை அடுத்த சித்துப்பாத்தி மயானத்து மனிதப் புதைகுழியிலிருந்து எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டபோது, அவற்றோடு ஒரு பாடசாலைப் பையும் குழந்தையின் விளையாட்டுப் பொம்மையும் கிடைத்தன. ஆகஸ்ட் 5ஆம் நாள் அப்பொருள்கள் உறவினர் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. இத்தகைய அகழ்வு நீதிமன்றக் காரியமாக இருப்பது போலவே வைத்தியக் காரியமும் ஆகும். பொருளை அடையாளம் காணும் தாய்க்கும், காணாமல் திரும்பும் தாய்க்கும் அன்றும் அதன்பின் பல மாதங்களும் துணையிருக்கப் பயின்றவர்கள் வேண்டும். உறவினரின் மரபணுவோடு எலும்புகளை ஒப்பிடும் பரிசோதனை தாமதமின்றி நடைபெற வேண்டும். முடிவு எதுவாயினும் அது குடும்பத்தாரிடம் அவர்கள் மொழியில் எழுத்து மூலமாகக் கொடுக்கப்பட வேண்டும். அடையாளம் தெரிந்த எச்சங்கள் அந்தியேட்டிக்கோ அடக்கத்துக்கோ உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். இவற்றுக்கான செலவை நீதித்துறையின் கணக்கில் எழுதுவதா சுகாதாரத் துறையின் கணக்கில் எழுதுவதா என்பதை அரசாங்கம் பின்னர் தீர்மானித்துக்கொள்ளலாம். முதுமை எய்திவிட்ட அந்தத் தாய்மாருக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.