அங்குலக் கௌரவம்

கல்மண்டபத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, "ஸார், டிவி வாங்கப் போறேன். நீங்களும் கூட வாங்க" என்று அழைத்தார். நாவல் எழுதுகிறவனுக்கு டெலிவிஷனைப் பற்றி என்ன தெரியும் என்று யோசிக்காத அவருடைய நல்ல மனத்துக்காகவே போனேன். போன இடத்தில் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடையில் இருந்த இளைஞன் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை இன்ச்சு ஸார்?" என்பது. நண்பர் 32 என்றார். "இப்ப யாரு ஸார் 32 வாங்குறாங்க?" என்று அவன் லேசாகச் சிரித்தான். அந்த ஒரு சிரிப்பில் நண்பர் 55 அங்குலத்துக்கு உயர்ந்துவிட்டார்! மாதத் தவணைக் காகிதமும் உடனே வந்துவிட்டது.

"வீட்டில் அறை எத்தனை அடி?" என்று மட்டும் அங்கே யாரும் கேட்கவில்லை.

ராயபுரத்துப் பழைய வீடுகளைப் பற்றி நான் விவரிக்க வேண்டியதில்லை. நண்பரின் கூடம் பத்தடிக்குப் பத்தடி. அதுவே சாப்பிடும் இடம். பத்தாவது படிக்கும் பெண்ணின் படிப்பறை. இரவில் எல்லோருக்கும் படுக்கை. கடற்காற்றில் உப்புப் பூத்து உதிர்கிற சுண்ணாம்புச் சுவர். இதில்தான் நாலடி அகலத் திரையைத் திருகாணி போட்டு மாட்டப் போகிறார்கள்.

இடம் கிடக்கட்டும், படமாவது நன்றாகத் தெரியுமா? சாதாரண கேபிள் சேனலின் படத்தில் இருப்பது 720க்கு 576, அதாவது சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம் புள்ளிகள். '4கே' என்று எழுதி ஒட்டிய திரையிலோ சுமார் 83 லட்சம். ஒரு புள்ளியை இருபதாக்கி நிரப்பியாக வேண்டும். ஒரு படி மோரில் இருபது படி தண்ணீர் விட்டால் அதற்குப் பெயர் மோரா?

அப்படிப்பட்ட படத்தைத் திரையின் உயரத்தைப் போல் ஆறு மடங்கு தூரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 55 அங்குலத் திரையின் உயரம் 27 அங்குலம். ஆறால் பெருக்கினால் பதின்மூன்றரை அடி. நண்பர் தெருவில் நாற்காலி போட்டுத்தான் ஸீரியல் பார்க்க வேண்டும்! 32 அங்குலத்துக்கோ எட்டடி போதும்.

"இன்டர்நெட்டில் நல்ல படம் வருகிறதே" என்பீர்கள். வாஸ்தவம். தெளிவான படங்களையே பெரும்பாலும் பார்க்கிறவர் 43 அங்குலம் வாங்கட்டும். பத்தடி அறையில் அதற்கு நியாயம் உண்டு. ஆனால் 55 அங்குலத்தில் 4கேயின் நுணுக்கமெல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் மூன்றரை அடியில் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் அடுப்படிக்குப் போகிறவர்கள் உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கடையில் பளபளத்ததே என்றால், கடையில் ஓடுவது விற்பனைக்கென்றே எடுத்த படம். வெளிச்சத்தையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். நீங்கள் வீட்டில் பார்க்கும் சேனலைப் போடச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள். சில திரைகளில் நிறம் வெளுத்துவிடும். ஒலியைக் கேளுங்கள். மெலிந்த பெட்டிக்குள் நல்ல ஒலிபெருக்கிக்கு இடமேது? காது மந்தமான பாட்டிக்கு வசனம் புரியாவிட்டால் எத்தனை அங்குலம் இருந்து என்ன?

2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது, அந்த 14 அங்குலப் பெட்டியைச் சுமந்து போனவர்களைப் பார்த்து நம் மத்தியதர வர்க்கம் என்னமாய்ச் சிரித்தது! அவர்கள் கடன்படாமல் கொண்டுபோனார்கள்; அலமாரியில் ஓர் ஓரத்தில் வைத்தார்கள். நாம் ஒரு கடைப்பையனின் சிரிப்புக்குப் பயந்து, மாதத் தவணையில் சுவரையே விற்றுவிட்டு வருகிறோம். இதில் யார் ஏமாளி?

நண்பர் 55 அங்குலமே வாங்கினார். என் கணக்கு அந்தச் சிரிப்பின் முன் எடுபடவில்லை. திரைக்கு இடம் வேண்டுமென்று பெண்ணின் புத்தக அலமாரி நடைக்குப் போயிற்று. அவளும் கூடவே போனாள். இரவில் நடை விளக்கின் அடியில் அவள் படிப்பதை என் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். உள்ளேயிருந்து ஸீரியலின் அழுகுரல் தெருவரை கேட்கிறது.

டெலிவிஷன் வாங்கப் போகிறவர்களே, பணத்தோடு அறையின் அளவையும் எழுதி எடுத்துப் போங்கள். அந்த அறையில் யார் யார் வாழ்கிறார்கள் என்பதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.