நட்பு போதாது, விசாரணை வேண்டும்

'காவல்துறை உங்கள் நண்பன்' என்பது இனிய முழக்கம்; ஆனால் அந்த நண்பனைத் தட்டிக்கேட்கும் உரிமையை அது குடிமக்களுக்குத் தருவதில்லை. 1993இல் 'காவல்துறை நண்பர்கள்' இயக்கத்தைத் தொடங்கியது தமிழ்நாடு.

காவலர்மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் ஆணையங்கள் அமைக்குமாறு, பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ, மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலரைத் தலைவராக்கிக் காவல்துறைத் தலைவரை உறுப்பினராக்கியது. குற்றஞ்சாட்டப்படும் துறையே விசாரிக்க அமர்ந்தால், பாதிக்கப்பட்டவர் எவரை நம்புவார்?

2020இல் சாத்தான்குளத்தில் காவல் சித்திரவதைக்குள்ளான தந்தையும் மகனும் இறந்தனர். அடுத்த மாதமே அரசு நண்பர்கள் இயக்கத்தைக் கலைத்தது. ஆணையச் சட்டத்தைத் திருத்தவில்லை. நட்பு அரசு தரும் சலுகை, ஓர் ஆணையால் மறையும். சுதந்திரமான விசாரணையே குடிமக்களின் உரிமை.