போர்டு மாட்டியவருக்கு உள்ளே இடமில்லை!



நான், 37 வயது குடும்பத் தலைவி. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். என் கணவர், ஒரு கல்லூரியில், கெமிஸ்ட்ரி லேபில் அட்டெண்டராக வேலை பார்க்கிறார். 2011-ல் சேர்ந்தார். நிர்வாகம் சம்பளம் கொடுக்கிற தற்காலிக வேலை தான். கல்லூரியின் பெயரை எழுத மாட்டேன். எங்கள் வீட்டு உலை, அந்தச் சம்பளத்தில் தான் கொதிக்கிறது. தவிர, வேறு வேறு கல்லூரிகளில் வேலை பார்க்கும் எங்கள் உறவுக்காரர்கள் சொல்வதும், கிட்டத்தட்ட இதே கதை தான்.

சில வருடங்களுக்கு முன், அந்தக் கல்லூரியின் பின்பக்கக் கட்டடத்தில், 'சமுதாயக் கல்லூரி' ஆரம்பித்தனர். தையல், கம்ப்யூட்டர், நர்சிங் உதவியாளர், ஏ.சி. மெக்கானிக் என்று, ஒரு வருடப் படிப்புகள். 'பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களும் சேரலாம்' என்று, பெரிய போர்டு வந்தது. அந்தப் போர்டை, ஏணி வைத்து ஏறி, மாட்டியவரே என் கணவர் தான்! ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவர் அவர். மாட்டி விட்டுக் கீழே இறங்கி நின்று, இரண்டு முறை வாசித்தாராம். அன்று ராத்திரி சாப்பிடும்போது, 'நமக்காகவே எழுதின மாதிரி இருக்கு புள்ள...' என்றார்.

மறுநாள் ஆபீசில் கேட்டிருக்கிறார். 'வகுப்பு பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும். நீ வகுப்புல உட்கார்ந்துட்டா, லேபை யாரு திறக்கிறது?' என்று கேட்டிருக்கின்றனர். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், வேலைக்குப் போகிறவர்கள் எவருமே வர முடியாத நேரத்தில் வகுப்பை வைத்து விட்டு, யாருக்காக அந்தப் போர்டு என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

இந்தச் சமுதாயக் கல்லூரி என்பது, நம் பக்கத்தில் புதிது ஒன்றும் இல்லை. 1995-லேயே, புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஆரம்பித்து விட்டது. பிறகு, தமிழ்நாட்டில் பல ஊர்களில் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும், 2013-ல், கல்லூரிகளுக்கு உள்ளேயே இதை நடத்தத் திட்டம் போட்டது. படிப்பை விட்டவர்கள், ஏழைகள், பெண்கள் ஆகியோருக்குக் கைத்தொழிலோடு ஒரு சான்றிதழ் கிடைக்க வேண்டும் என்பது தான் நோக்கம். அந்த 'படிப்பை விட்டவர்கள்' பட்டியலில், அதே காம்பவுண்டுக்குள் கூட்டிப் பெருக்குகிறவர், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவர், வாட்ச்மேன், அட்டெண்டர் எல்லாரும் தானே அடக்கம்?

என் கணவருக்கு என்ன தெரியும் என்று சொன்னால், சிரிக்காதீர்கள் சகோதரிகளே. பாட்டிலில் லேபிள் கிழிந்திருந்தாலும், நிறத்தைப் பார்த்தே, 'இது நிக்கல், இது காப்பர், இது கோபால்ட்' என்று சொல்லி விடுவார். எந்த ஆசிட்டில் எவ்வளவு தண்ணீர் சேர்க்கணும், தண்ணீரில் ஆசிட்டைத் தான் விடணும், ஆசிட்டில் தண்ணீரை விடக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முன்பெல்லாம், அழுகின முட்டை நாற்றம் வீசும் ஒரு வாயுவைத் தயார் செய்து வைத்து விட்டு வருவார். அந்தச் சட்டையைத் தனியாகத் தான் ஊற வைப்பேன். பரிட்சை நேரத்தில் பிள்ளைகள், 'அண்ணே, என் உப்பு என்னண்ணே?' என்று கெஞ்சுவர். சொல்ல மாட்டார். 'குழாயை நல்லா கழுவிட்டு, மறுபடியும் செஞ்சு பாரு தம்பி' என்பார். அவர்கள் பி.எஸ்சி., வாங்கிக் கொண்டு போகின்றனர். இவர், சட்டையில் ஆசிட் ஓட்டைகளோடு வீட்டுக்கு வருகிறார்.

2015-ல், அரசுப் பள்ளிகளில், 4,362 ஆய்வக உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. லேப் வேலை! இவருக்குக் கை வந்த வேலை. பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். 'பத்தாம் வகுப்பு தேர்ச்சி' என்று போட்டிருந்தது. பேப்பரை மடித்து, அலமாரியில் வைத்து விட்டார். எதிர் வீட்டுப் பையன், பள்ளிக்கூடம் விட்ட பிறகு லேப் வாசலையே மிதித்திராதவன், அந்தத் தேர்வுக்கு விண்ணப்பித்தான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால், அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

'திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல நேரடியா டிகிரியே வாங்கிடலாமே...' என்று ஒருவர் யோசனை சொன்னார். நல்லவேளை, விசாரித்தோம். பத்தாவது, பன்னிரண்டாவது முடிக்காமல் வாங்குகிற அந்தப் பட்டம், தமிழ்நாட்டு அரசு வேலைக்குச் செல்லாது என்று, 2009-லேயே அரசாணை போட்டிருக்கின்றனர். ஆக, முதல் படியிலிருந்து தான் ஏறணும்.

ஒரு வழியாக, போன வருடம், தனித்தேர்வராகப் பத்தாவது எழுத ஒப்புக்கொண்டார். சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகி விட்டது. இதில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். முதல் முறை எழுதும் தனித்தேர்வர்கள், அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு, ஒரு பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். தினமும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு லேபைத் தயார் செய்து கொடுக்கிறவர், லீவு போட்டு விட்டு, பள்ளிக்கூட லேபில், காப்பர் சல்பேட்டைச் சூடாக்கினால் நீல நிறம் போய் வெள்ளையாகும் என்று 'கற்றுக் கொண்டு' வந்தார்! லீவு போட்ட நாட்களுக்குச் சம்பளத்தையும் பிடித்து விட்டனர். அங்கிருந்த வாத்தியார், இவர் டெஸ்ட் டியூப் பிடிக்கிற விதத்தைப் பார்த்து, 'எங்கே வேலை பார்க்கிறீங்க?' என்று கேட்டாராம். சொன்னதும் சிரித்து விட்டு, 'அப்படியே இந்த ரேக்கையும் கொஞ்சம் அடுக்கிக் குடுத்துடுங்க' என்றாராம். இவரும் அடுக்கிக் கொடுத்து விட்டுத் தான் வந்திருக்கிறார்.

வீட்டில் கணக்கு வாத்தியார், ஒன்பதாவது படிக்கும் எங்கள் மகள். தமிழும், சமூக அறிவியலும் நான். இங்கிலீஷுக்குத் தான் ஆள் இல்லை. அந்தக் கல்லூரியில், இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க ஒரு துறையே இருக்கிறது. பெரிய லைப்ரரி இருக்கிறது. ஆனால், லைப்ரரி கார்டு, மாணவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும் மட்டும் தான். புத்தக மூட்டை வந்தால், மாடிக்குத் தூக்கிக் கொண்டு போவது இவரும், வாட்ச்மேனும். அதிலிருந்து ஒன்றை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவர வழி இல்லை.

கல்லூரி ஆண்டு விழா என்றால், ஒரு வாரம் ராப்பகலாக வேலை. நாற்காலி போடணும், மைக் செட் ஏற்றி இறக்கணும், குடிநீர் கேன் தூக்கணும். விழா நடக்கும்போது, ஆடிட்டோரியத்துக்கு வெளியே நிற்பார். ஒரு முறை, எங்கள் மகளுக்குப் பாட்டுக் கச்சேரி பார்க்க ஆசையாக இருக்கிறதே என்று, அழைத்துப் போனேன். கடைசி வரிசையில், காலி நாற்காலிகள் கிடந்தன. இருந்தாலும், உட்காரத் தயங்கி, கதவோரம் நின்று தான் பார்த்தோம். யாரும் எங்களை விரட்டவில்லை. 'உள்ளே வாங்க' என்று கூப்பிடவும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கும் அப்படித் தான். ஆசிரியர்களுக்கு அறை இருக்கிறது, பிள்ளைகளுக்கு கேன்டீன் இருக்கிறது. இவர்கள் எல்லாரும், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், புங்கமரத்தடியில்.

அந்தப் புங்கமரத்தடியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே பெருக்கும் வேலை செய்யும் அக்கா ஒருவர், கணவரை இழந்தவர். சம்பளப் பட்டியலில் கைநாட்டு வைப்பார். இரண்டு வருடத்துக்கு முன், அந்த மை விரலைச் சேலையில் துடைத்துக் கொண்டு வந்ததை, பி.ஏ., படிக்கும் இரண்டு பெண்கள் பார்த்திருக்கின்றனர். மறுநாளிலிருந்து, சாப்பாட்டு நேரத்தில், பழைய நோட்டின் பின்பக்கத்தில், எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்திருக்கின்றனர். யாரும் உத்தரவு போடவில்லை. மூன்றே மாதத்தில், அந்த அக்கா கையெழுத்துப் போட்டார்! இப்போது, பஸ் போர்டு படிக்கிறார். பேத்தியின் ரேஷன் கார்டில் பெயர் தப்பாக இருந்ததைக் கண்டுபிடித்தவரும் அவர் தான்.

நாட்டு நலப்பணித் திட்டம், 1969-லிருந்து இருக்கிறது. பிள்ளைகள், ஏழு நாள் முகாம் போட்டு, கிராமம் கிராமமாகப் போய், மரம் நடுகின்றனர். கோவிலைச் சுத்தம் செய்கின்றனர். நல்ல காரியம் தான். தங்கள் வகுப்பறையைத் தினமும் பெருக்குகிறவருக்குக் கையெழுத்துத் தெரியாது என்பது, அந்த இரண்டு பெண்கள் பார்க்கிற வரைக்கும், யார் கண்ணிலும் படவில்லையே!

எனக்கு இதெல்லாம் ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், என் அம்மாவை நினைத்துத் தான். 1991-ல், புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கம் வந்தபோது, நான் கைக்குழந்தை. அம்மா, பகலெல்லாம் களை பறித்து விட்டு வருவார். வகுப்பு எப்போது தெரியுமா? ராத்திரி, எல்லார் வீட்டிலும் உலை இறக்கின பிறகு. எங்கே? தெருவிளக்கு அடியில். என்னை மடியில் போட்டுக் கொண்டு தான் அ, ஆ எழுதினாராம். அந்த இயக்கத்தில் தான், எங்கள் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொண்டனர். அம்மாவும் கற்றுக் கொண்டார். முழங்காலில் தழும்பு இன்னமும் இருக்கிறது. பகல் பத்து மணிக்கு, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து படி என்று சொல்லியிருந்தால், அம்மா படித்திருப்பாரா?

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். அவர் மகள், அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், ஒரு சமுதாயக் கல்லூரி ஆபீசில் வேலை பார்க்கிறாள். இந்த ஏற்பாட்டுக்கு, அந்த நாடு தான் தாய்வீடு. ஜோலியட் என்ற ஊரில், 1901-லேயே ஒன்றை ஆரம்பித்து, இன்று வரை நடத்துகின்றனர். ஊருக்கு வந்திருந்தபோது, அந்தப் பெண் சொன்னாள்... அங்கே பல கல்லூரிகளில், நிரந்தரமாக வேலை செய்பவர்கள், அதே கல்லூரியில், கட்டணம் இல்லாமலோ, குறைத்தோ படிக்கலாமாம். சில இடங்களில், மனைவி, பிள்ளைகளுக்கும் உண்டாம். சாயங்கால வகுப்புகள் சர்வசாதாரணமாம். இவளும், ஆபீசை மூடி விட்டு, அடுத்த கட்டடத்தில், கணக்குப் பதிவு படித்திருக்கிறாள். பக்கத்து பெஞ்சில், அந்தக் கல்லூரியின் துப்புரவுத் தொழிலாளி உட்கார்ந்திருந்தாராம். 'அவரை யாரும் ஒரு மாதிரி பார்க்கலையா?' என்று கேட்டேன். 'எதுக்கு அத்தை பார்க்கணும்?' என்று திருப்பிக் கேட்டாள்.

அமெரிக்காவிலிருந்து பணத்தைக் கொண்டு வந்து கொட்ட வேண்டிய விஷயம் இல்லை இது. சாயங்காலம் நாலரைக்கு, எல்லா வகுப்பறையும் காலியாகத் தான் கிடக்கிறது. பூட்டுகிறவரே என் கணவர் தான். ஆறரை வரைக்கும் ஒரே ஒரு அறையைத் திறந்து வைத்தால் போதும். பத்தாவது எழுதுகிறவர்களுக்கு இங்கிலீஷும், கணக்கும், சமுதாயக் கல்லூரியில், ஊழியர்களுக்கு இரண்டு, மூன்று சீட்டும், கட்டணத்தில் சலுகையும், லைப்ரரி கார்டு, பரிட்சைக்கும், பயிற்சிக்கும் போகிற நாட்களுக்குச் சம்பளம் பிடிக்காத லீவு. இவ்வளவு தான் கேட்கிறோம்.

'படிச்சுட்டா, இந்த வேலையை விட்டுட்டுப் போயிடுவாங்களே...' என்று, பொறுப்பில் உள்ள ஒருவர் சொன்னாராம். போகட்டுமே! பிள்ளைகள் படித்து வெளியே போகத்தானே கல்லூரியே நடத்துகின்றனர்?

எங்கள் பக்கத்திலும் குறை இருக்கிறது, ஒப்புக் கொள்கிறேன். என் கணவருக்கே, வெட்கம் தான் முதல் தடை. 'அண்ணேன்னு கூப்பிடுற பசங்க பார்த்தா, என்ன நினைப்பாங்க?' என்று பயந்து, பத்தாம் வகுப்புப் புத்தகத்தைச் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்துத் தான் எடுத்துப் போனார். அதையும் ஒரு பையன் பார்த்து விட்டான். கிண்டல் செய்யப் போகிறான் என்று இவர் பதறியிருக்கிறார். 'அண்ணே, இங்கிலீஷ்ல எந்தப் பாடம் வரைக்கும் முடிச்சிருக்கீங்க?' என்று கேட்டிருக்கிறான் அவன். இப்போது, வாரத்தில் இரண்டு நாள், லேபைப் பூட்டுவதற்கு முன் அரை மணி நேரம், அந்தப் பையன் தான் இவருக்கு வாத்தியார். அவனுக்கும் இது கடைசி வருடம். பரிட்சை முடிந்ததும் ஊருக்குப் போய் விடுவான். இவருக்கு, இன்னும் நாலு பாடமும், கடிதம் எழுதுகிற பகுதியும் பாக்கி இருக்கிறது.

- ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்.